அப்பா அனுப்பிய பட்டாசு

அக்கா,

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் சூரமங்கலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியே வெடிமருந்து வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போனபின் வருகிற முதல் தீபாவளி.

ராசிபுரத்து வீட்டில் அந்த ஐப்பசியை நினைத்துக்கொண்டேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா, அங்கே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார் என்று தெரிந்த வருடம். அம்மா பேச்சையே குறைத்துக்கொண்டாள். நீ பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிப்பட்டறைக்கு நூல் தார் சுற்றப் போனாய். உனக்குப் பதினேழு, எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஐந்து. அவன் தினமும் மெயின் ரோட்டில் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், தம்பிக்குச் சிவப்புச் சட்டை, எனக்குப் பாவாடை.

"அப்பாவுக்கு லீவு கெடைக்கலையாம், சாமி. லாரிக்காரருகிட்டக் குடுத்துட்டாரு" என்றாய். தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினான்.

பெட்டியில் உனக்கென்று எதுவுமே இல்லை. பெட்டியை வாங்கி வைத்தது நீதான் என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நீ துணி துவைக்கும்போது கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னாய்: "தம்பிகிட்டச் சொல்லிப்போடாத, கண்ணு. அவனாவது அப்பன் நம்மள நெனச்சுட்டு இருக்கறாருன்னு வளரட்டும்."

சொல்லவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பெட்டியை ஒட்டுவது என் வேலையானது. அம்மா பார்த்தும் பாராததுபோல் உள்ளே போய்விடுவாள். ஏழு தீபாவளி அப்படிப் போனது. தம்பி விடுதிக்குப் போனபின்தான் நிறுத்தினோம்.

இந்தச் சித்திரையில் உன்னை எடுப்பதற்குச் சற்றுமுன் அப்பா வந்தார். தம்பிதான் எப்படியோ தேடிப் பிடித்துத் தகவல் சொல்லியிருந்தான். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பி அவருக்கு நாற்காலி போட்டான்.

"அக்கா உங்களப் பத்தி ஒரு கொறை சொன்னதில்லீங்கப்பா. வருசா வருசம் நீங்க அனுப்புன பெட்டி வந்தாத்தான் எனக்குத் தீபாவளிங்க."

அப்பா என்னைப் பார்த்தார். மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஆமாஞ்சாமி. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நீ பக்கத்திலேயே கிடந்தாய். தம்பி அவர் தோளில் சாய்ந்து உனக்காக அழுதுகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று தம்பி போன் செய்தான். "இந்த வருசம் நமக்குத் தீபாவளி இல்லக்கா. அப்பாவ மட்டும் ரெண்டு நாளு நம்மூட்டுல வெச்சுக்கலாம்னு இருக்கறேன். நீயும் வாரியா?"

"வாரேன்" என்றேன்.

போவேன், அக்கா. அவருக்குச் சோறும் போடுவேன். தம்பியிடம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அவரை அப்பா என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை. அந்தப் பெயரில் எங்களுக்கு வந்ததெல்லாம் நீ கொடுத்தது.