நாலு விரல் இடம்

அண்ணை,

நேற்றுக் கராஜில், தண்ணீர் உறையாமல் காக்கும் அன்ரிஃபிறீஸ் போத்தலின் மூடியைத் திறந்தேன். அந்தப் பச்சைத் திரவத்தின் இனிப்பு மணம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்துபோல மூக்கில் ஏறியது. ஐப்பசி பிறந்தால் எனக்கு முதல் வேலை இதுதான். குளிர்ச் சட்டைகளை வெளியே எடுப்பதற்கு முன்னமே, உங்கள் காரின் றேடியேற்றரைத் திறந்து, உள்ளே இருப்பது உறையுமா உறையாதா என்று பார்த்துவிடுவேன். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்த உங்கள் மகள் திடீரென்று கேட்டாள்:

"மாமி, டொம் அங்கிள் பெரிய எஞ்சின் ஒண்டு சும்மா தாறனெண்டு சொன்னவராம். அப்பா ஏன் வேண்டாமெண்டவர்?"

அவளுக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்குமுன் எல்லாவற்றையும் உங்களோடு ஒருமுறை பேசிப் பார்க்கவேண்டும்போல இருக்கிறது.

கொழும்பில் ஆடிக் கலவரத்தில் உங்கள் பழைய ஏ ஃபோட்டி வகைக் கார் வீட்டு வாசலிலேயே எரிந்தது. அண்ணியும் பிள்ளையும் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். நீங்கள் அடுத்த வருடம் தனியாக இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மில்லிக்கனில் எங்கள் வீட்டு மேலறையில் பெட்டியை வைத்தீர்கள். கந்தோரில் கணக்காளராக இருந்தவர், நகரத்தின் நடுவில் ஒரு கார் நிறுத்துமிடத்துக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கிழித்தீர்கள். அவர்களைக் கூப்பிடப் பத்திரங்கள் போட்டாயிற்று. பிறகு காத்திருப்புத்தான்.

அந்தக் கோடையில் நாங்கள் அஜக்ஸ் பக்கம் வீடு பார்க்கப் போனோம். வீடு சரிவரவில்லை. திரும்பும் வழியில் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலுக்குள், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு ஏ ஃபோட்டி நின்றது. எரிந்துபோனதற்கு உடன்பிறந்ததுபோல இருந்தது. நீங்கள் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், அதன் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"மச்சான், இந்த ஊரிலை இதை வாங்கிறவன் ஒண்டில் விசரன், ஒண்டில் மியூசியம்காரன்" என்றார் என்னவர்.

"ரெண்டிலை எதுக்குச் சம்பளம் கூடவெண்டு சொல்லும், அதாயிருப்பம்" என்றீர்கள்.

வாங்கி வந்த கார் மெதுவாக என்றாலும் ஓடியது. ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன், ஊரில் செய்ததுபோலவே, ஒரு சருவத்தில் தண்ணீர் கொண்டுபோய் றேடியேற்றரை நிரப்புவீர்கள். பனி தொடங்கியதும் காரைக் கராஜுக்குள் விட்டுத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினீர்கள். பங்குனியில் படங்கை எடுத்தபோது கீழே நிலம் நனைந்திருந்தது. பக்கத்து வீட்டு டொம் வந்து குனிந்து, எஞ்சினின் பக்கவாட்டில் விரலை ஓட்டினார். விரல் போன வழியில் ஒரு நீள வெடிப்பு.

"இதுக்குள் என்ன ஊற்றினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தண்ணீர்."

"வெறும் தண்ணீரா?"

நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "வேறையென்னத்தைத் தங்கச்சி ஊத்திறது? இவ்வளவு காலமும் அதைத்தானே ஊத்தினது."

உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து பருத்து இரும்பையே பிளந்துவிட்டது. பௌதிகம் படிப்பித்த நான், அதே கூரையின் கீழ் அந்தப் பனி மாரி முழுவதும் இருந்தேன். எனக்கும் அது தோன்றவில்லை. டொம் சிரிக்கவில்லை. அவருக்கும் சேர்த்து என்னவர் சிரித்தார். நீங்களும் கூடச் சிரித்தீர்கள். ஆனால் அதன் பிறகு பல நாள் கராஜ் பக்கமே போகவில்லை.

டொம்தான் உங்களைத் திரும்ப இழுத்தார். லொறி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். பழைய காரின் உடலுக்குள் பலத்த எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிடுவது அவருடைய இளவயதுப் பைத்தியம். ஹொட் றொட் என்பார்கள். ஏ ஃபோட்டி பாரம் குறைந்ததாம். இந்த நாட்டுப் பெடியள் அதற்கு எட்டுச் சிலிண்டர் வி எயிட் எஞ்சின் போட்டு ஓட்டப் பந்தயம் விடுவார்களாம். நாங்கள் கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன காரை இவர்கள் இப்படிப் பார்த்தார்களா என்று நாங்கள் இருவரும் வியந்தோம். டொம்மிடம் ஒரு வி எயிட் சும்மா கிடந்தது. பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னபின் அவர் அதைத் தொடவில்லை.

"எடுத்துக்கொள். ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு ஓடு. அதுதான் விலை."

ஒரு பின்னேரம் அதை இரும்புத் தாங்கியில் வைத்தே இயக்கிக் காட்டினார். என் குசினி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓடிவந்து பார்த்தேன். நீங்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

"தங்கச்சி, கேட்டியே? உது நிண்ட இடத்திலையே ஓடுது!"

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அன்றே நான் வி எயிட்டின் கட்சி.

வேறு இரண்டு வழிகளும் இருந்தன. பழைய எஞ்சினைப் போலவே ஒன்றை எங்காவது தேடிப் போடலாம். ஆனால் அந்த வேகத்தில் ஃபோர்-ஓ-வண் நெடுஞ்சாலையில் போனால் லொறிகள் பின்னால் வந்து ஏறிவிடும். அல்லது மோதி நொருங்கிய ஒரு ஜப்பான் காரின் சின்ன நாலு சிலிண்டர் எஞ்சினைப் போடலாம். அது பழையது இருந்த இடத்திலேயே அடங்கும், நெடுஞ்சாலைக்கும் போதும். அதற்கு டொம் வைத்த பெயர் தையல் மெஷின்.

வி எயிட்டுக்கு இடம் போதாது. எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரை வெட்டிப் பின்னுக்குத் தள்ளவேண்டும். முன்சீற்றும் பின்னுக்குப் போகும். பின்சீற் இல்லாமல் போய்விடும். "பின்சீற் உனக்கு எதற்கு? நீ தனி ஆள்தானே" என்றார் டொம். அவருக்கு அண்ணியையும் பிள்ளையையும் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த யோசனை மாதக்கணக்கில் நீண்டது. அதற்குள் ஊரிலிருந்து கடிதங்கள் நின்றன. பாதை பூட்டு என்றார்கள், கப்பல் இல்லை என்றார்கள். தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவில் காண்கிறவர்கள் எல்லாம் "என்னவாம் அண்ணை ஊரிலை?" என்று கேட்பதால் நீங்கள் சாமான் வாங்கவும் போகாமல் விட்டீர்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னீர்கள்:

"பெரிசையே போடுவம். டொம்மிட்டைச் சொல்லிப்போட்டன். சனிக்கிழமை வெட்டிறம்."

நான் விரும்பிய பதில்தான். ஆனாலும் என்னவர் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"அப்ப பின்சீற், மச்சான்?"

"ஆருக்கு?" என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள் அண்ணியும் பிள்ளையும் இனி வரமாட்டார்கள் என்று நீங்கள் தீர்த்துவிட்டது இருந்தது.

சனிக்கிழமை டொம் தகரச் சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டுவிட்டு, இரும்பு வெட்டும் காஸ் விளக்கோடு நின்றார். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஒருக்காப் பின்னுக்கு ஏறி இரு."

"ஏன் அண்ணை?"

"இரன்."

ஏறி இருந்தேன். எஞ்சின் இல்லாத கார், படலை இல்லாத வளவுபோல வெறுமையாகக் கிடந்தது. நீங்கள் கதவால் குனிந்து, என் முழங்காலுக்கும் முன்சீற்றுக்கும் இடையில் கையை வைத்தீர்கள். நாலு விரலும் போய், இன்னும் இடம் இருந்தது.

"நிமிர்ந்து இரு. அவள் உன்னிலும் உயரம்."

"அண்ணிக்கு முட்டாது அண்ணை. நாலு விரல் இடம் மிஞ்சும்."

"முட்டக்கூடாது. எயார்போட்டிலையிருந்து வரமட்டும் இருக்கவேணுமெல்லோ."

"பிள்ளைக்கு?"

"அவளுக்கென்ன, சின்னன். எங்கையாவது ஒடுங்கிக்கொண்டிருப்பாள்."

கையை எடுத்தீர்கள். பழந்துணியை எடுத்துப்போய்ச் சோக்கட்டிக் கோட்டைத் துடைத்தீர்கள். பிறகு டொம்மிடம், "மன்னிக்கவேண்டும், எனக்குத் தையல் மெஷின் போதும்" என்றீர்கள். அவர் உங்களையும் பின்சீற்றில் இருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார். விளக்கை நிலத்தில் வைத்தார்.

"தையல் மெஷின் என்றாலும் ஒழுங்காகப் பூட்டுவோம்."

அன்று கடிதம் வரவில்லை, அண்ணை. அந்த மாதமும் வரவில்லை. நம்புவதற்குப் புதிதாக ஒன்றும் நடந்திருக்கவில்லை. என் முழங்காலுக்கு முன்னால் ஒரு கையளவு வெற்றிடம் இருந்தது, அவ்வளவுதான். நம்பிக்கை என்றால் மனதில் எழும் ஒரு சுடர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உங்களுக்கு அது வெட்டாமல் விட்ட ஒரு தகரச் சுவர்.

சின்ன எஞ்சின் ஏறியது. அன்ரிஃபிறீஸ் போத்தலில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டு நீங்களே ஊற்றினீர்கள். கடிதங்களும் மறுபடி வரத் தொடங்கின. ஒரு சித்திரை ஞாயிறு ஃபோர்-ஓ-வண்ணில் அஜக்ஸ் வரை போனோம். முன்சீற் வெறுமையாக இருந்தும் என்னைப் பின்னுக்குத்தான் இருத்தினீர்கள். அடுத்த மாரியில், ஒரு மத்தியானம், அந்த ரிக்கற் கூண்டுக்குள் உங்களுக்கு மாரடைப்பு வந்தது.

நீங்கள் போனபின் காரை விற்கச் சொன்னார்கள். நான் டொம்மைப் பக்கத்தில் இருத்தி அதிலேயே ஓட்டப் பழகினேன். உங்கள் பத்திரங்கள் உங்களோடு முடிந்தன. நாங்கள் எங்கள் பெயரில் புதிதாகப் போட்டோம். போன வருடம் வைகாசியில் அவர்கள் வந்து இறங்கினார்கள். சாமான்களை என்னவரின் காரில் ஏற்றிவிட்டு, அண்ணிக்கு நான் இதன் முன்கதவைத் திறந்தேன். அண்ணி காரின் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"இஞ்சையும் இதையே வாங்கினவர்?"

"ஓம் அண்ணி."

"நான் பின்னுக்கு இருக்கிறன். அவர் ஓடேக்கையும் பிள்ளையோட பின்னுக்குத்தானே இருக்கிறனான்."

கதவில் சேலை அகப்படாமல் எடுத்துவிடுகிற சாட்டில் குனிந்து பார்த்தேன். முட்டவில்லை. கையை வைத்து அளக்க மனம் துணியவில்லை. பார்க்கவே தெரிந்தது.

நேற்று உங்கள் மகள் கேட்டதற்கு, "பின்னுக்கு ஏறி இரு" என்றேன்.

"ஏன் மாமி?"

"இரன்."

இருந்தாள். குனிந்து, அவள் முழங்காலுக்கும் முன்சீற்றுக்கும் இடையில் கையை விட்டேன். இரண்டு விரல்தான் போனது.

"என்ன செய்யிறியள் மாமி? கூசுது."

"பெரிய எஞ்சின் போட்டிருந்தால் இந்தச் சீற் இருந்திராது. அம்மாவுக்கும் உனக்குமெண்டு அப்பா இப்படித்தான் அளந்து பாத்தவர். என்ரை காலிலை."

நான் கையை எடுத்த பிறகு, அதே இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் இறங்கவில்லை. நான் போத்தலை மூடி வைத்துவிட்டு, விளக்கை அவள் பக்கம் திருப்பாமல், வாசலில் போய் நின்றேன்.

பிள்ளை வளர்ந்துவிட்டாள், அண்ணை. இனி ஒடுங்கிக்கொண்டிருக்கமாட்டாள்.

தண்ணீர் இந்த மாரிக்கு உறையாது. பார்த்துவிட்டேன்.