சிவராசா கடைப் பக்கம்

தண்ணீரூற்று,
12.06.2004

அன்பு மகன் நாஸிமுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், கிணற்றுத் தண்ணீரும் இந்த வருஷம் சுகமாக இருக்கிறது. கனடாவில் நீயும் மருமகளும் பேத்தி ஸம்ஹாவும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். காணியை விற்றுவிட்டு உம்மாவைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கே, தங்கச்சி அஸ்மியாவிடம் திரும்பிப் போகலாமே என்பது ஒன்று. அந்தக் காலத்தில் நம் வீட்டில் இரவிரவாக இந்தியா ரீவியில் பாட்டுப் பார்த்ததைச் சொன்னால் ஸம்ஹா நம்புகிறாள் இல்லை, நீங்களே எழுதுங்கள் என்பது மற்றது. பாட்டுக் கதையை முதலில் எழுதுகிறேன், காணிக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஸம்ஹாவுக்கு இப்படிச் சொல். உங்கள் வீட்டு ரீவியில் நூறு அலைவரிசை இருந்தும் பார்க்க ஒன்றுமில்லை என்கிறாளாம். எங்களுக்கு இருந்தது ஒன்று, அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் வேறு யாருக்கோ ஒளிபரப்பியது. கூரையைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்குக் குழாய் நட்டு உச்சியில் அன்ரனா கட்டினால், இராச்சாப்பாடு முடிந்து காற்றுக் குளிர்ந்த பிறகு படம் வரும். முற்றம் நிறையப் பாயோடு சனம் வரும். பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் இது ஹராம் என்று சொல்லுவார், எதையும் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக முன்வரிசையில் கதிரை போட்டுக் கடைசிப் பாட்டு வரை இருப்பார். எந்த ஊரில் எடுத்த பாட்டென்றாலும் நம் ரீவியில் வெள்ளைப் புள்ளிகளாகப் பனி கொட்டும். பாலைவனத்தில் ஆடினாலும் பனிதான். அந்தக் கதாநாயகர்களின் அகலக் காற்சட்டையையும் காதை மூடிய தலைமயிரையும் நாங்கள் பாதி பார்த்தோம், மீதியை ஊகித்தோம், மறுநாள் பேசுவதற்கு அதனால் நிறைய இருந்தது. நீ இப்போது பனிக்குள் நடந்து வேலைக்குப் போவதாக எழுதும்போதெல்லாம், உனக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வேன்.

குழாயைத் திருப்புகிறவர் அடுத்த வீட்டு வீரகத்தி அண்ணை, உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் வெளியே இருட்டில் நின்று திருப்ப, உம்மா ஜன்னலடியில் நின்று ரீவியைப் பார்த்து வழி சொல்லுவாள். வலது இடது என்றால் யாருடைய வலது என்று சண்டை வரும், அதனால் அவள் ஊரை வைத்தே சொல்லுவாள். அண்ணை, சிவராசா கடைப் பக்கம் திருப்புங்க, இன்னும், இன்னும், ஐயோ கூடிப்போச்சு, இலுப்பை மரத்துப் பக்கம் வாங்க என்பாள். வீரகத்தி ஒரு பாட்டையும் பார்த்ததில்லை, ஆனால் எல்லாப் பாட்டும் அவருக்கு மனப்பாடம்.

இனி உம்மாவின் விஷயம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு விரட்டிப் பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, போன வருஷம் திரும்பி வந்தது முதல் அவளுடைய ட்ரங்குப் பெட்டி புத்தளத்தில் கட்டின நைலோன் கயிற்றோடுதான் இருந்தது. வேண்டிய சீலையை மூடியின் இடுக்கால் இழுத்து எடுப்பாளே தவிர முடிச்சை அவிழ்க்க மாட்டாள். இஞ்ச ஆருக்கு எங்களைத் தெரியும், சொந்த ஊரில வழி கேட்டு நடக்கிறன் என்று ஒரே கதை. மாதக் கடைசியில் அஸ்மியாவின் மாப்பிள்ளை வான் வண்டியோடு வருவார், நான் போறன், நீங்க இருக்கிறதெண்டா இருங்க என்று முடிவாகவே சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன, எனக்கே தபால் கந்தோருக்கு வழி கேட்க வேண்டியிருந்தது.

அப்படியிருக்கப் போன கிழமை வீரகத்தி நம்முடைய பழைய அன்ரனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் போன பிறகு இறக்கித் தன் கோழிக்கூட்டுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தாராம். இவ்வளவு காலமும் கோழியள்தான் இந்தியா பாத்ததுகள் நானா, இனி நாங்கள் பாப்பம் என்றார். நான் வவுனியாவில் ஒரு பழைய ரீவி வாங்கினேன். நேற்று வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மருமகன் நிருஷன் ஜெனரேற்றரைக் கொண்டுவந்து, நீங்கள் இருங்கோ மாமா, நான் திருப்புறன் என்று வெளியே போனான். ஸ்கந்தபுரத்துப் பிள்ளை, டிஷ் பூட்டுகிற தொழில், இந்தக் கம்பியில் ஒன்றும் பிடிக்காது என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் திருப்பினான். வீரகத்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ரீவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். திரையில் வெறும் பனி. தனக்கு இதில் அக்கறையில்லை என்று குசினிக்குள் இருந்த உம்மா ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலடிக்கு வந்து, அப்படியில்ல தம்பி, சிவராசா கடைப் பக்கம் திருப்புங்க என்றாள். நிருஷன் திருப்பினான், இருந்த இரைச்சலும் நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்த சிவராசா கடை இப்போது முள்ளியவளைச் சந்தியில் இருக்கிறது, நேர் எதிர்ப்பக்கம்.

வீரகத்தி எழும்பிப் போனார். விடும் தம்பி, அது இப்பத்தைக் கடை, ஜன்னலடியில தங்கச்சி சொல்லுறது எரிஞ்ச கடை என்று குழாயைத் தான் பிடித்தார். அந்த இடத்தில் இப்போது எருக்கலைதான் நிற்கிறது, இரவில் அதுவும் தெரியாது. அவர் திருப்பினார். உம்மா இன்னும், இன்னும் என்றாள், கூடிப்போச்சு, இலுப்பைப் பக்கம் வாங்க என்றாள். இலுப்பை ஷெல் விழுந்து சரிந்து எத்தனையோ காலம், ஆனாலும் அவர் சரியாக அந்தப் பக்கம் வந்தார். இல்லாத கடைக்கும் இல்லாத மரத்துக்கும் நடுவில் இந்தியா வந்து நின்றது. அதே அகலக் காற்சட்டை, அதே பனி. வீரகத்தியின் மனைவி நேசமலர், இந்த மனிசன் இன்னும் ஆடி முடிக்கேல்லையோ என்று சிரித்தா. நான் உம்மாவைப் பார்த்தேன். அவள் ரீவியைப் பார்க்கவில்லை, ஜன்னலால் வெளியே இருட்டில் நின்ற வீரகத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிய முன் சோளகக் காற்று குழாயை ஆட்டப் படம் போய்விட்டது. இழுத்துக் கட்டக் கயிறு இருக்கோ என்று நிருஷன் கேட்டான். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்க, உம்மா எழும்பி அறைக்குள் போனாள், போய்க் கொஞ்ச நேரம் எடுத்தது, பழைய முடிச்சு அவிழ நேரம் எடுக்கும்தானே. நைலோன் கயிற்றைக் கொண்டுவந்து நிருஷனிடம் கொடுத்து, இறுக்கிக் கட்டுங்க தம்பி, வாற வெள்ளிக்கும் வேணும் என்றாள். எந்தக் கயிறு என்று நான் கேட்கவில்லை. வாயை மூட வேண்டிய நேரம் எனக்குத் தெரியும், அதனால்தான் எங்கள் குடும்பம் இவ்வளவு காலம் நடந்தது. இன்று காலையில் பெட்டி வெறுமையாக முற்றத்து வெயிலில் காய்கிறது, அதில் அரிசி போட்டு வைக்கப் போகிறாளாம்.

ஆகவே காணி விற்பனைக்கு இல்லை. மாப்பிள்ளையின் வான் வரட்டும், அஸ்மியாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரட்டும் என்று நீயும் அவளுக்குப் போன் எடுத்துச் சொல். பழைய பாட்டு டிவிடி அனுப்பவா என்று கேட்டிருந்தாய், வேண்டாம் மகன், படம் தெளிவாக வந்தால் வீரகத்திக்கு வெளியே நிற்க வேலையில்லாமல் போய்விடும். குளிருக்குக் காதை மூடித் தொப்பி போடு, தொழுகையை விடாதே, ஸம்ஹாவுக்குத் தமிழ் எழுதப் பழக்கு. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் தருவானாக. ஊருக்கு வரும்போது மறக்காமல் நல்ல உறுதியான கயிறாகப் பார்த்து ஒன்று வாங்கி வா. உம்மாவின் கயிறு பழசு, ஆனாலும் அதைக் கழற்ற விடமாட்டேன், புதுக்கயிற்றைப் பக்கத்தில் கட்டிக்கொள்வோம்.

துஆவுடன்,
உன் வாப்பா
மீராசாகிபு