செங்கழித்துறை மிளகு விலைக்கு இட்ட காவல்

மழை பொய்யாத வெண்குன்ற நாட்டுக்கும் அதன் துறைகள் அனைத்துக்கும் உரிய அரசி நிலமங்கை, செங்கழித்துறைக் காவலனும் நம் உடன்பிறந்த இளையோனுமாகிய அருளரையனுக்கு விடுக்கும் ஓலை. உன் துறையில் நங்கூரங்கள் நிலைபெறுக. உன் நகரத்து அடுப்புகள் அணையாதிருக்க.

மலைநாட்டு மிளகு உழத்தி வேம்பி சென்ற மாதம் நம் அவைக்கு வந்தாள். மிளகு கொள்ள வரும் மேற்கடல் மரக்கலங்கள் புயலில் மூழ்கின என்று உன் கடைத்தெருவில் பேச்செழுந்ததாம். உச்சிப்பொழுதுக்குள் விலை பாதியாயிற்றாம். நாளை இதுவும் கிடையாது என்றஞ்சி, ஓராண்டு விளைவையும் கொட்டிக்கொடுத்துத் திரும்பினாளாம். சில நாளில் அக்கலங்கள் பாய்விரித்து வந்தன. கலம் மூழ்கவில்லையே, எம் குடி மட்டும் ஏன் மூழ்கிற்று என்று அவள் வினவியபோது அவை நடுவே நாம் வெட்கினோம்.

ஆராய்ந்தோம், வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பிறர் பண்டசாலை மிளகை இரவல் வாங்கி உச்சவிலைக்கு விற்றவன் நீ. பொய்யைப் பரப்பி விலையை வீழ்த்தியவனும் நீ. வீழ்ந்த விலைக்கு வேம்பி போன்றோரிடமே வாங்கி இரவலை அடைத்துவிட்டு, எஞ்சிய பொன்னை ஊதியமென்று வைத்துக்கொண்டாய். விலை ஏறும், இறங்கும். அது வாணிகத்தின் இயல்பு, நாம் மறுக்கவில்லை. பிடித்துத் தள்ளிவிட்டுத் தானே விழுந்தது என்பதைத்தான் பொறுக்கமாட்டோம்.

ஆதலின் நம் ஆணையாவது: நாள்தோறும் காலைவிலையைக் கடைத்தெருவில் உரக்கக் கூறுக. அவ்விலை ஐந்தில் ஒரு பங்கு ஏறினும் இறங்கினும் முரசறைந்து, மறுநாள் விடியும்வரை கடையடைக்க. அதற்குள் அச்சம் தணியும், மெய் எதுவென்று ஆள் விட்டு அறியலாம். தனக்கு உரிமையில்லாத மிளகை எவனும் விற்கலாகாது. துணிமறைவில் விரல்பிடித்துப் பிறரறியாமல் விலைபேசும் வழக்கமும் இன்றோடு ஒழிக. முரசு வாணிகத்தைக் கொன்றுவிடும் என்று வணிகர் முறையிட்டனர். ஒரு பொழுது கடையடைத்ததால் நொடித்த வணிகன் எவனுமில்லை என்று விடையளித்தோம்.

உன் காவல் மோதிரத்தை இவ்வோலை கொணரும் படைத்தலைவர் கொற்றனாரிடம் ஒப்படைக்க. இன்று விற்கும் உயர்விலைக்கு மிளகை வாங்கி, அன்று நீ கொடுத்த விலைக்கே வேம்பிக்கும் அவளைப்போல் இழந்தோர்க்கும் திருப்பித் தருக. நட்டம் முழுதும் உன்னுடையது.

உன்னை மன்னிக்குமாறு நம் அன்னையார் இன்று காலை நம் கையைப் பற்றி அழுதார். நாமும் அழுதோம். அதன்பின்னரே இம்முத்திரையை இட்டோம்.