மெட்டமைத்தவர் தெரியவில்லை

சகியா முகாம்
8 பிப்ரவரி 1953

அண்ணா,

பாபாவின் மெட்டை நீ திருடிவிட்டாய். உறையில் உன் புதுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கூர்ஜி என்ற பழைய பெயரை எழுதினால் வந்து சேராதாமே.

வியாழக்கிழமை டீக்கடை ரேடியோவில், நீ வேலை செய்யும் நிலையத்தின் நிகழ்ச்சியில் கேட்டோம். பழைய நாட்டுப்புற மெட்டு, அமைத்தவர் தெரியவில்லை என்றார்கள். பாக்தாதில் அம்மா இறந்த வருடம் பாபா கட்டியது அது. இரண்டு சுரத்துக்கு நடுவே தயங்கி நிற்குமே ஒரு சுரம், அதைக் காணோம். பாபா கடைசிவரை கேட்டார். "பாக்தாத்துல இருந்து இஸ்ரேல் வந்து விமானத்தை விட்டு இறங்குனதும் நம்ம மேல அடிச்சாங்களே பூச்சிமருந்து, இந்த மெட்டு மேலயும் அடிச்சிட்டாங்கப்பா" என்றார். கடையே சிரித்தது.

மார்செல்

ஜெருசலேம்
19 பிப்ரவரி 1953

அன்புத் தங்கைக்கு,

பாபாவின் இருமல் எப்படி இருக்கிறது? கூரை ஒழுகுவது நின்றதா?

நான் திருடவில்லை, நிலையத்துக்குச் சுரம் எழுதிக் கொடுத்தேன். பியானோவில் அந்தச் சுரத்துக்குக் கட்டை இல்லை. பெயர் போட வேண்டுமென்றால், மெட்டமைத்தவர் நிலையத்தின் தேர்வுக் குழு முன் சுரம் எழுதிய தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும். குழுவில் எல்லோரும் பெர்லினில் படித்தவர்கள். அவர்களும் உயிர் பிழைக்க ஓடி வந்தவர்கள்தான்; நமக்கு முன்னால் வந்துவிட்டார்கள். பாபா தாளைத் தலைகீழாகப் பிடிப்பார். அவர்கள் சிரிப்பதை நான் பார்க்க வேண்டுமா? ஆள் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றேன். மெட்டாவது பிழைத்ததே.

அலுத்துவிட்டது, மார்செல். முடிந்தால் ஒரு சீசா அம்பா அனுப்பு, நம் வீட்டு மாங்காய் ஊறுகாய்.

உன் அண்ணன்

சகியா முகாம்
2 ஏப்ரல் 1953

அண்ணா,

உன் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. அம்பா கிடைத்ததா என்றும் தெரியவில்லை.

முகாம் பள்ளியில் இப்போது அந்த மெட்டுக்கு வார்த்தை போட்டு, நம் நாட்டுப் பாட்டு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் வரிசையில் வாளியோடு நிற்கும் பாபாவைத் தாண்டிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு போகிறார்கள். பாக்தாதில், யூதன் என்று சொல்லி மெட்டுகளிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். இங்கே அடித்தது நீ.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படவில்லை. தான் வாசிக்கும் ஜோஸா வாத்தியத்தின் தந்திகளைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப, அப்பன் செத்தா துக்கம் காக்குற நம்ம வழக்கப்படி எனக்காகச் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு ஏழு நாள் தரையில உக்காந்தானா? கேட்டு எழுதும்மா."

கேட்கிறேன். உட்கார்ந்தாயா? இல்லையென்றால் அந்தக் குழுவின் முன் போய் நின்று, என் அப்பா முராத் சாலேம் உயிரோடு இருக்கிறார் என்று சொல். இரண்டில் எதைச் செய்தாய் என்று எழுது.

மார்செல்