சித்திரை இதழின் அட்டைப்படம்

நேற்றுக் காலை கூத்தாநல்லூர்த் தமிழ்ப் படிப்பகத்தின் பெயர்ப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் வாடை தெருமுனை வரை வந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். மேல்பூச்சு உரிந்து, அடியில் உங்கள் எழுத்து தெரிந்தது. ‘ழ’வின் வாலை அப்படி இழுத்துச் சுழிக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இருந்ததில்லை. படிப்பகத்துக்காரர், “யாரு எழுதினதுன்னு தெரியல, நல்ல கை” என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

‘உங்கள்’ என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா? உங்களுக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல். ஆனாலும் நீங்கள் இருந்த நாளெல்லாம் உங்களை வா, போ என்றுதான் பேசினேன். நீங்கள் என்னை சார் என்றீர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார், நீங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கூலிக்காரத் தெருவிலிருந்து வந்த சுவர் எழுதுகிறவர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. கலையும் சமத்துவமும் என்று என் பத்திரிகையில் தலையங்கம் எழுதிய கையோடுதான் உங்களை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாம் பழகியது ஒரு தேர்தல் சமயத்தில். எங்கள் பள்ளியின் எதிர்ச் சுவரில் நீங்கள் சின்னம் வரைந்துகொண்டிருந்தீர்கள். கழகத்துக்காரர்களுக்கும் நீங்கள்தான், செங்கொடிக்காரர்களுக்கும் நீங்கள்தான். சாப்பாட்டு வேளையில் தண்ணீர் கேட்டு வந்தபோது, என் மேசையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த ‘மடைவாய்’ முதல் இதழைப் பார்த்தீர்கள். கூத்து, பாட்டு, ஓவியம் என்று நம் வட்டாரத்துக் கலைகளுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் கொண்டுவர நினைத்த பத்திரிகை.

“யாரு சார் படிக்கறாங்க இத?”

“தெரிஞ்சவங்களுக்கு அனுப்பறேன்.”

“தெரியாதவங்க படிக்க வேணாமா?”

அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பத்திரிகை பிழைத்தது. சுவர் எழுதப் போகும் ஊருக்கெல்லாம் சைக்கிளின் பின்னால் இதழ்களைக் கட்டிக்கொண்டு போனீர்கள். விற்கவில்லை, பேச்சுவார்த்தை நடத்தினீர்கள். வலங்கைமான் முடிதிருத்தும் கடைக்குப் பலகை எழுதிக் கொடுத்தீர்கள். பதிலுக்கு அந்தக் கடை பெஞ்சில் ‘மடைவாய்’ கிடக்கும், வருகிறவர்கள் படிக்கலாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே மீனவர் குப்பத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதினீர்கள். அவர்கள் பஞ்சாயத்து கூடி, ஒவ்வொரு இதழையும் கரையில் வைத்து ஒருவர் உரக்கப் படிப்பது என்று முடிவு செய்தார்கள். கூத்தாநல்லூரில் படிப்பகத்துப் பெரியவர்கள் முதலில் தயங்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்தில் பாடும் பாட்டுகளை, பாடியவர்கள் பெயரோடு நாம் போட்ட பிறகு, அடுத்த இதழ் எப்போது என்று அவர்களே ஆள் அனுப்பினார்கள்.

“அவங்க கடையில நம்ம புத்தகம் கெடக்கணும்னா, நம்ம புத்தகத்துல அவங்க கெடக்கணும் சார். அவ்வளவுதான்” என்பீர்கள். ஒரு பத்திரிகை எப்படி வளர்கிறது என்று பிற்பாடு எத்தனையோ மேடைகளில் நான் பேசியிருக்கிறேன். பேசியதெல்லாம் இந்த வரிதான். உங்கள் பெயரைச் சொல்லாமல் பேசினேன்.

அட்டைப்படமும் நீங்கள்தான். பூவரசங்கட்டையை இழைத்து, மை தடவி அச்சடிக்கும்படி படத்தை உளியால் செதுக்கிக் கொண்டுவருவீர்கள். நிழலில் இரண்டு மாதம் காயவைக்காத கட்டையைத் தொட மாட்டீர்கள். திருவாரூரில் நமக்கு அச்சடித்துக் கொடுத்தவர் ஒரு மிராசுதார். அச்சகத்தின் பின்கட்டில் நமக்கென்று ஒரு அறையும் ஒதுக்கித் தந்திருந்தார். கலை ரசனை உள்ளவர்தான். உங்கள் கட்டைகளைக் கையில் ஏந்தி, “என்ன வேலைப்பாடு!” என்று வியந்திருக்கிறார்.

ஒரு வருஷம் தை அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டதற்கு, நிலக்காரர்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். உங்கள் தெருப் பெண்கள் வரப்பில் கைகோத்து நின்று மறித்தார்கள். முன்னால் நின்றவர் உங்கள் அக்கா அஞ்சலை. போலீஸ் வேன் அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஜெயிலிலிருந்து திரும்பி வந்தபோது இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

சித்திரை இதழுக்கு நீங்கள் செதுக்கியது அவரைத்தான். சேலையை வரிந்து கட்டி, இடுப்பில் கருக்கரிவாளோடு, வரப்பில் நின்று இரண்டு கையையும் விரித்து மறிக்கிற அஞ்சலை. கட்டையை என் மேசையில் வைத்துவிட்டு, “எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சார். அக்கா படம் வருதுன்னு காத்துக்கிட்டிருக்காங்க” என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் மிராசுதார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டை அவர் முன்னால் இருந்தது. சத்தம் போடவில்லை.

“வாத்தியாரே, படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மிஷின்ல ஓடாது. வேணும்னா வேற அச்சகம் பாத்துக்குங்க. பள்ளிக்கூட நிர்வாகத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, அது உங்களுக்குத் தெரியுமில்ல?”

யோசிக்க ஒரு நாள் கேட்கக்கூட இல்லை. “சரிங்க, அட்டையில கோயில் கோபுரம் போட்டுடலாம்” என்றேன். அவர் கேட்காத கோபுரத்தை நானாகவே எடுத்துக் கொடுத்தேன்.

உங்களிடம் என்ன சொல்வது என்று அன்று முழுக்க யோசித்தேன். நீங்கள் வந்ததும், “கட்டை வெடிச்சுப் போச்சுப்பா. மிஷின் அழுத்தத்துல ரெண்டாப் பிளந்துடுச்சு. தூக்கிப் போட்டுட்டாங்க” என்றேன்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். “என் தப்புதான் சார். அக்கா படம்னு அவசரப்பட்டுட்டேன். கட்டை சரியாக் காஞ்சிருக்காது. உங்க இதழ வேற கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றீர்கள்.

மன்னிப்பைக் கேட்டது நீங்கள். வாங்கிக்கொண்டது நான். “பரவாயில்ல, விடு” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

கோபுரம் போட்ட இதழ்களைக் கட்டிக்கொண்டு உங்கள் தெருவுக்கே போனீர்கள். காத்திருந்தவர்கள் முன்னால் நின்று, கட்டை ஈரமாக இருந்தது, என் வேலைதான் சரியில்லை என்று சொன்னீர்கள். இதை நீங்களே பிறகு என்னிடம் சொன்னீர்கள். “சிரிக்கறாங்க சார். ஊர்ச் சுவரெல்லாம் எழுதறவன் சொந்த அக்கா படத்தை வெடிக்க விட்டுட்டானேன்னு.” நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அச்சகத்தில் இருந்த பழைய அச்சுக்கட்டைகளை எல்லாம் மண்ணெண்ணெயில் துடைத்து முற்றத்து வெயிலில் பரப்பியிருந்தார்கள். வாசலுக்கு எழுத்து எழுத வந்த நீங்கள் அவற்றுக்கு நடுவே குனிந்து நின்றதை அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜன்னலை விட்டு விலகி மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

கட்டையோடு நீங்களே உள்ளே வந்தீர்கள். விரலால் அதன் முகத்தைத் தடவினீர்கள். ஒரு கீறல் இல்லை.

“பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே வேற படம் செதுக்கித் தந்திருப்பேனே சார்” என்றீர்கள். குரல் உயரவில்லை. “எங்க தெருவுல நின்னு என் கட்டை ஈரம்னு என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்களே.”

நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனீர்கள். அதை எடுத்துப் பத்திரப்படுத்தவாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அச்சகம் கைமாறியபோது மற்ற மரச்சாமான்களோடு அதுவும் எங்கோ போய்விட்டது.

அதன்பிறகு அட்டைக்கு நீங்கள் படம் தரவில்லை. ஆனால் இதழ் கொண்டுபோவதை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. படகுக்காரர்கள், படிப்பகத்துக்காரர்கள், வலங்கைமான் கடைக்காரர் எல்லாம் உங்கள் வாக்கை நம்பிச் சேர்ந்தவர்கள். அவர்களை நடுவில் விட உங்களுக்கு மனமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். இதழ் வளர்ந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள். நாம் பேசிக்கொள்வது குறைந்து, பின் நின்றே போனது.

நீங்கள் இறந்த சேதி பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் எனக்கு வந்தது. போன வாரம் கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினேன். உங்கள் தெருவில் இப்போது எல்லாம் மாடி வீடுகள். அஞ்சலையம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், “புத்தகம் போடற சாரா? உட்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். மிராசுதார் மிரட்டியதை, நான் பயந்ததை, உங்களிடம் பொய் சொன்னதை, எல்லாவற்றையும்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன்.

“கட்டை ஈரம்னுதான் சாகற மட்டும் சொன்னான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அப்ப என் தம்பி கட்டை நல்ல கட்டைதானா?” என்று கேட்டார்.

“நல்ல கட்டைதாங்க. ஒரு கீறல் இல்ல.”

அவர் வலது கையைத் தூக்கி எதிர்வீட்டைக் கூப்பிட்டார். “ஏ, இங்க வாங்கடி! கேட்டீங்களா, கட்டை வெடிக்கவே இல்லையாம்! இவரே வந்து சொல்றாரு!” இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இன்னும் சிலர். அந்த நாளை அறிந்தவர்கள் அவர்களில் ஒருவரோ இருவரோதான். “அவங்களுக்கும் சொல்லுங்க சார்” என்றார் அஞ்சலையம்மா. சொன்னேன். அடுத்து ஒருவர் வந்தார். “இவனுக்கும் சொல்லுங்க” என்றார். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கட்டை வெடிக்கவில்லை, நான்தான் பயந்து பொய் சொன்னேன் என்று அன்று சாயங்காலம் வரை உங்கள் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பியபோது, மேலத்தெருவில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், நடக்க முடியாதவர்கள், அவர்களுக்கும் நான்தான் வந்து சொல்ல வேண்டும் என்றார் அஞ்சலையம்மா. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.