நீராவியில் எரிந்த விளக்கு

அண்ணே,

இன்று காலை மருமகள் வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த ஈர விறகை வெளியே இழுத்துப் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். புகையும் ஆவியும் கலந்து முற்றத்தில் எழுந்தன. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். "என்னத்தே, என்ன செய்யுது?" என்று கேட்டபடி அவள் பின்னால் வந்தாள். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் போய் இத்தனை காலமாகியும் உங்கள் தகரக் கொட்டகை இந்தப் போடி வீட்டுக்குள் இப்படித் திடீரென்று வந்துவிடுகிறது.

போடிமெட்டுக்குப் பக்கத்தில் நம் ஏலத்தோட்டத்து வீட்டில் அப்போது மின்சாரம் கிடையாது. பனி விலகிய சாயங்காலங்களில் கீழே போடியின் விளக்குகள் நம் வாசலிலிருந்தே தெரியும். நமக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். தாவணி போட ஆரம்பித்த புதிதில் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போதுதான் என் மேல் தீப்பிடித்தது. நீங்கள்தான் ஓடிவந்து கோணிச் சாக்கைப் போட்டு அமுக்கினீர்கள். உயிர் தப்பியது, இடது கன்னத்திலிருந்து தோள்வரை தோல் சுருங்கிப்போனது. அம்மாவும் அய்யாவும் போனபிறகு என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அவர்களை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் விளக்குப் பக்கம் என்னை விடமாட்டீர்கள். நீங்களே சிம்னியைத் துடைப்பீர்கள், நீங்களே எண்ணெய் ஊற்றுவீர்கள், நீங்களே பற்றவைப்பீர்கள். மதினி கூட அதற்குக் கேலி செய்வாள்.

மூடிப்போன ஒரு பஞ்சாலையிலிருந்து சின்னப் பாய்லரும் நீராவி இன்ஜினும் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, எழுபதுகளின் கடைசியில் அதை வாங்கிவந்தீர்கள். மெட்டுவரை லாரியில் வந்தது. அங்கிருந்து மரக்கட்டைகளை அடியில் கொடுத்து ஆட்கள் உருட்டிக் கொண்டுவந்தார்கள். மதினி வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஒலகத்துல கரண்டு இல்லாதவக எல்லாம் இப்படித்தான் இரும்பக் கொண்டாந்து வீட்டோரமா நிப்பாட்டுறாகளா?"

"கரண்டுக் கம்பி மலையேறி வர்றதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சுரும். விறகுக்கு இங்க பஞ்சமா?" என்று சிரித்தீர்கள்.

வீட்டோரத்துத் தகரக் கொட்டகையில் அதைப் பூட்டிக்கொடுக்க வந்த மெக்கானிக் போகும்போது சொன்னதை நானும் கேட்டேன். "இது வீட்டுல வெக்கிற சாமான் இல்லீங்க. ஆலையில இதுக்குன்னே ஆளு நிப்பாங்க. எரியறப்ப ஒரு ஆளு பக்கத்துலயே இருக்கணும்." நீங்கள் தலையாட்டினீர்கள். சும்மா ஆட்டியதல்ல. கொட்டகையில் தீ இருக்கும்வரை நீங்களோ நானோ அங்கே இல்லாமல் இருந்ததில்லை.

முதல் நாள் சக்கரம் சுற்றி, தோல்வார் ஓடி, டைனமோ முனக ஆரம்பித்தபோது என்னைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னீர்கள். கூடத்துக் குண்டுபல்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி எரிந்தது. "தாயி, இனி நீ தீக்குச்சியத் தொட வேணாம்" என்றீர்கள். கேலி பேசிய மதினி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்கென்று உங்களிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைச் சுட்டி அடிக்கடி சொல்வீர்கள்: "இதுல தண்ணி தெரியாட்டி, பதறிப்போய்த் தண்ணி விடாத. காஞ்ச இரும்புல பச்சத் தண்ணி பட்டா வெடிச்சுரும். தீய வெளிய இழு." இன்னொன்று சேப்டி வால்வு. உள்ளே நீராவி மிஞ்சினால் தானாகத் திறந்து சீறும் அந்த மூடியை, ஒரு நீட்டுக் கம்பியும் அதன் நுனியில் தொங்கும் இரும்புக் குண்டும் அழுத்திக்கொண்டிருக்கும். "அது கத்துனா கத்தட்டும். அது வாய மட்டும் யாரும் அடைக்கக் கூடாது." ஒருமுறை தோட்டத்து ஆள் ஒருவர் தெரியாமல் அந்தக் கம்பியில் தன் தூக்குவாளியை மாட்டிவிட்டார். யாரையும் அதட்டிப் பேசாத நீங்கள் அன்று கத்திய கத்தலில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் அண்ணே.

அந்த மழைக்காலத்தில் போடியிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. மாப்பிள்ளை கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். மதினிக்குப் பயம். "இன்னைக்கு ஒரு நாள் சிம்னி வெளக்கையே ஏத்தி வெப்பமே. மங்கலாப் பாத்துட்டுப் போகட்டும். பெறகு பழகிரும்" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

உங்களுக்கு முகம் மாறிவிட்டது. "ஒளிச்சு வெக்க என் தங்கச்சி என்ன திருட்டுச் சாமானா? நல்ல வெளிச்சத்துல பாக்கட்டும். வேண்டாம்னா போகட்டும்." அன்றைக்கே கூடத்தில் இன்னும் சில பல்புகளை மாட்டினீர்கள்.

மலைப்பாதையில் மூடுபனி. அவர்களுடைய ஜீப்பு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. விறகு ஈரம், பல்புகள் கூடுதல். வெளிச்சம் செந்நிறமாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நீங்கள் காய்ந்த விறகாகத் தேடிப் போட்டீர்கள். உடனே வால்வு திறந்து சீற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளையின் தாயார் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை, வெளிச்சமும் ஏறவில்லை. "இந்தா வர்றேன்" என்று எழுந்து போனீர்கள். கொஞ்ச நேரத்தில் சீறல் நின்றது. பல்புகள் வெள்ளையாகின. நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி வந்து உட்கார்ந்தீர்கள்.

நான் காபித் தட்டோடு வந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். தாயார் என் கழுத்தையே பார்த்தார். மாப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். உங்களுக்குப் பேச்சு ஓடியது, விலாசம், உறவுமுறை, அந்த வருடத்து ஏலக்காய் என்று. கொட்டகையில் தீ எரிய, நாம் இரண்டு பேருமே கூடத்தில் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். பல்புகள் மேலும் மேலும் பிரகாசமாயின. கண் கூசியது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து வந்து உங்கள் காதருகே குனிந்தேன்.

"அண்ணே, வால்வு கத்தவே இல்லையே?"

உங்கள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். ஓடினீர்கள். பின்னாலேயே வந்தேன். வால்வுக் கம்பியில் இரும்புக் குண்டோடு சேர்ந்து, நாம் ஏலக்காய் நிறுக்கிற தராசின் பெரிய எடைக்கல் தொங்கியது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரியவில்லை.

"எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போ. வெரசாப் போ!"

"நீங்களும் வாங்கண்ணே."

"தீய இழுத்துப் போட்டுட்டு வர்றேன் தாயி. போ!"

தீயை இழுக்கிற நீளக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைத் தோளால் வெளியே தள்ளினீர்கள். மாப்பிள்ளையின் தாயாரை ஒரு கையிலும் மதினியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மழையில் மேடேறினேன். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. இருட்டில் வெள்ளை ஆவி மட்டும் மேலே எழுந்தது.

எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவர் அந்த மாப்பிள்ளைதான். அவர்தான் உங்களை வாழையிலையில் கிடத்தி ஜீப்பில் ஏற்றினார். உங்கள் தலை என் மடியில். கால்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு "மெதுவா, மெதுவா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் நீங்கள் கண் திறந்தீர்கள்.

"மாப்ளே… லைட்டு நல்லா எரிஞ்சுச்சா?"

"நல்லா எரிஞ்சுச்சுண்ணே. பேசாதீக."

அதற்குப்பின் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நீங்கள் தண்ணீர் கேட்டதைத் தவிர வேறு பேசவில்லை.

பிறகு அந்த மெக்கானிக் வந்து பார்த்தார். தீயை இழுத்துப் போட்டிருந்ததால் குழாயின் இணைப்பு மட்டும் பிய்த்துக்கொண்டது, இல்லாவிட்டால் வீடே போயிருக்கும் என்றார். மதினி கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க உசுரக் காப்பாத்துனாக, சரி. கல்லத் தொங்கவிட்டது யாரு?" என்றாள். தேவாரம் ஊரிலிருந்து ஒருவர் தன் தோட்டத்து வீட்டுக்கு வெளிச்சம் போட வேண்டும் என்று அந்தப் பாய்லரைக் கேட்டு வந்தபோது மதினி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். மறுநாள் கொல்லரை வரவழைத்து, இனி யாரும் தீ மூட்ட முடியாதபடி அதன் வயிற்றைப் பிளக்கச் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

உங்களுக்காக அழுத அளவுக்கு உங்கள் மேல் கோபப்பட்டும் இருக்கிறேன் அண்ணே. யார் யாருக்கோ சொன்ன சட்டத்தை எனக்காக நீங்களே மீறியதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

சகுனம் சரியில்லை என்று அந்த மாப்பிள்ளை வீட்டில் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. நீங்கள் போய் வருடம் திரும்பியபின் வந்து மதினியிடம் என்னைக் கேட்டார். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு கீழே வந்தேன். எண்பதுகளில் மலைக்குக் கம்பி ஏறி, நம் வீட்டிலும் கரண்டு வந்தது. அந்த வாரம்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"அன்னைக்குத்தான் மொத மொதப் பாத்தேன்னு நெனைக்கிறியா? அதுக்கு முன்னாடியே உன்னியப் போடி பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கேன். பட்டப்பகல். உங்கண்ணன் பக்கத்துல நின்னு கொய்யாப்பழம் தின்னுக்கிட்டு இருந்த. பாத்துட்டுத்தான் அம்மாகிட்டச் சொல்லிக் கேட்டு வந்தேன்."

"இத அன்னைக்கே எங்கண்ணங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொண்ணு பாக்க வந்த எடத்துல அதெல்லாம் சொல்ல வாய் வருமா?" என்றார். வராதுதான். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றைக்குச் சிம்னி விளக்கே போதுமாக இருந்தது அண்ணே. உங்களிடம் சொல்ல முடியாத இந்தச் சேதியை நான்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.