எல்லையைத் தவறவிட்ட சனிக்கிழமை

ஹரோ
21.6.1995

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் கேட்கவே கோபமாக இருக்கிறது.

சனிக்கிழமை ஏன் வரவில்லை? ஏழு வருடங்களுக்குப் பிறகு நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள். விடுமுறையில் ஒல்லாந்திலிருந்து ஜெர்மனிக்கு நாங்கள் சைக்கிளில் வருவதைக் கேள்விப்பட்டு, "எல்லைக் காவல் நிலையத்தடியில் பன்னிரண்டு மணிக்கு நிற்பேன்" என்று எழுதியது உங்கள் கைதானே?

காலையில் நைமேகனில் புறப்பட்டோம். நானும் அருள்நேசனும், என்னோடு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் ஆறு பேரும். தடைக்கம்பத்தையும் பொலிஸையும் தேடிக்கொண்டே மிதித்தேன். பசுக்கள், வீடுகள், மறுபடி பசுக்கள். கடைசியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி, ஜெர்மனிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஜெர்மனிக்குள் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறேன்!

பதறிப்போய் ஒல்லாந்துப் பக்கம் ஓடினேன். பிறகு மறுபடி பேக்கரிக்கு. மூன்று மணிவரை இப்படியே. எது எந்த நாடு என்றே விளங்கவில்லை. அருள்நேசன்தான், "வருவார், கொஞ்சம் பொறும்" என்றபடி இருந்தார்.

சைவப் பிள்ளை நான், வேதக்காரரான அருள்நேசனைக் கட்டியதை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவா?

உங்கள் தங்கை,
தவநாயகி

—

கிறேபெல்ட்
2.7.1995

அன்பான தங்கச்சி,

நான் வந்தேன். பத்து மணிக்கே வந்துவிட்டேன்.

எண்பத்தாறில் ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு களவாக அந்த எல்லையைக் கடந்தபோது நாய்களும் வெளிச்சமும் இருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. இப்போது போனால், பூட்டிய காவல் கூடு ஒன்று, வாசலில் பூச்சட்டி. மார்ச் மாதத்தோடு எல்லைச் சோதனையையே எடுத்துவிட்டார்களாம், எனக்குத் தெரியாது. பிழையான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று தெருவில் மேலும் கீழும் நடந்து, பேக்கரிக்கு எதிரே பஸ் தரிப்பில் நின்றேன்.

இதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். உன்னைக் கண்டேன்.

தலைக்கவசமும் காற்சட்டையுமாக ஒரு பெண். நீதான் என்று பிடிபட நேரமெடுத்தது. உன் சைக்கிள் செயின் கழன்றிருந்தது. அவர் முழங்காலில் நின்று அதைப் பூட்டிவிட்டு, எண்ணெய்க் கையை உன் மூக்கில் தடவினார். நீ அவர் முதுகில் அடித்துச் சிரித்தாய். எங்கள் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மனிதர் உன்னை நடுத்தெருவில் விடுவார் என்று எல்லாரிடமும் சொன்னவன் நான். கையைத் தூக்கினேன். கூப்பிடாமலே இறக்கினேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
குகதாசன்

—

ஹரோ
14.7.1995

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கோபிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். செயினைப் பூட்டிவிட்டு எழும்பும்போது அருள்நேசன், "அங்கால பஸ்சுக்கு நிக்கிறவர் உம்மட அண்ணையோ?" என்று கேட்டார். நான் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன்.

"இல்லையப்பா. அது ஆரோ வயசுபோன மனுசன். அண்ணைக்குத் தலை நரைக்கேல்லை" என்றேன்.

என் மனதில் நீங்கள் பத்து வருடங்களுக்கு முன்னர் ஊரிலிருந்து என்னை வழியனுப்ப விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கி வந்தபோது இருந்த வயதிலேயே நின்றுவிட்டீர்கள். சொந்த அண்ணையையே தெரியாமல் போன என்னை என்ன சொல்வது?

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை ரெயினில் வருகிறோம். நேரே உங்கள் வீட்டுக்கு. நான் தனியாக வரமாட்டேன், இருவரும்தான். விருப்பமில்லையென்றால் இப்போதே எழுதிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
தவநாயகி

—

கிறேபெல்ட்
23.7.1995

அன்பான தங்கச்சி,

மூன்றாம் மாடி, இடது பக்கம். மணி வேலை செய்யாது, கதவில்தான் தட்ட வேண்டும்.

நீ தட்டாதே. மச்சான் தட்டட்டும்.

அண்ணை